எத்தனை முறை கழுவினாலும் முகத்தில் எண்ணெய் வழிகிறதே, அந்தச் சுரப்பியைச் சுருக்க வழி இல்லையா?

பத்தாவது படிக்கும்போது நோட்டின் மேல் தலை வைத்துத் தூங்கி எழுந்தால், என் நெற்றி பட்ட இடம் பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி இருக்கும். தினமும் ஐந்து தடவை சோப்பு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கடலை மாவு. ஒரு பலனும் இல்லை. கல்லூரியில் உயிரியல் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது: நான் கழுவியதெல்லாம் எண்ணெயை, சுரப்பியை இல்லை.

தோலுக்குள் இருக்கும் இந்த எண்ணெய்ச் சுரப்பியின் வேலையே விசித்திரமானது. ஓரத்தில் இருக்கும் செல்கள் பெருகி, உள்ளே நகர்ந்து, கொழுப்பை நிரப்பிக்கொண்டு வெடித்துச் சாகின்றன. வெடித்த செல்தான் நம் முகத்து எண்ணெய். ஆகவே சாகும் செல்களுக்கு ஈடாகப் புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு வரலாம் என்பது சில புரதங்களின் கையில் இருக்கிறது.

சி-மிக் என்ற புரதம் செல்லைப் பெருகச் சொல்லும். பிளிம்ப்1 என்பது அந்த சி-மிக்கின் மரபணுவையே அடக்கி வைக்கும். நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் எலைன் ஃபுக்ஸ் குழுவினர் எலித் தோலில் பிளிம்ப்1-ஐ நீக்கிப் பார்த்தார்கள். சி-மிக் கூடியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் பெருத்தன. 2006-இல் வெளியான ஆய்வு இது. எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான், பிரேக்கைக் கழற்றிவிட்டு வண்டி என்ன ஆகிறது என்று பார்த்த மாதிரி.

சரி, பருவ வயதில் ஏன் திடீரென்று வழிகிறது? சுரப்பியைத் தூண்டும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அப்போதுதான் கூடும். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியும் ஒரு புரதம்தான். பிறவியிலேயே அந்த ஏற்பி முற்றிலும் வேலை செய்யாதவர்களுக்கு ஹார்மோன் இருந்தும் பெரியவர்களுக்கு உரிய அளவு எண்ணெய் சுரப்பதில்லை. இன்சுலினும் அதன் உறவுக்காரரான ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனும் சுரப்பியில் கொழுப்புத் தயாரிப்பை இன்னும் முடுக்கிவிடும்.

சுரப்பியையே சுருக்கும் மருந்து ஒன்று உண்டு, ஐசோட்ரெடினாயின். அது சுரப்பிச் செல்களில் என்ஜிஏஎல் என்ற புரதத்தைக் கூட்டி, அவற்றைச் சாக வைக்கிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இது கடுமையான பருவுக்கான மருந்து. கர்ப்பத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குப் பெரிய ஊனம் வரலாம். தோல் மருத்துவர் சொல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். வெறும் பளபளப்புதான் தொல்லை என்றால், காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை கழுவினால் போதும்.