முதலில் அந்தக் கட்டிலில் படுத்துப் பாருங்கள்

ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு நிறமும் படமும் தேர்ந்து கொடுப்பது என் வேலை. பெரியவர்களுக்கான வார்டுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குழந்தைகள் வார்டில் யானையும் பட்டாம்பூச்சியும் வரைகிறார்கள். பெரியவர்களுக்கு மட்டும் ஏன் வெறும் வெள்ளைச் சுவர்? படம் மாட்டினால் உண்மையிலேயே பலன் உண்டா சார்?

வளர்ந்துவிட்டால் பயம் போய்விடும் என்ற நினைப்புதான், வேறென்ன! பலன் பற்றிப் பேசினால் எல்லோரும் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக்கின் 1984 ஆய்வைத்தான் எடுப்பார்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அது சின்ன ஆய்வு; ஜன்னலைப் பற்றியது, சுவரில் மாட்டும் படத்தைப் பற்றியது அல்ல. அதைக் காட்டி "படம் மாட்டினால் நோய் குணமாகும்" என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எங்கள் வார்டுக்கு நன்கொடையாகப் பத்து ஓவியங்கள் வந்திருக்கின்றன. கட்டிலின் தலைமாட்டில் மாட்டலாமா?

மாட்டினால் பார்க்க வருபவர்கள் ரசிப்பார்கள். நோயாளிக்குத் தெரியாது.

என் முதல் வார்டில் நானும் இதே தப்பைச் செய்தேன். எல்லாம் முடிந்த பிறகு, காலியாக இருந்த ஒரு கட்டிலில் சும்மா படுத்துப் பார்த்தேன். நேர் மேலே டியூப் லைட், அதன் பக்கத்தில் கூரையில் காப்பி நிறத்தில் ஒரு நீர்க்கறை. நான் பார்த்துப் பார்த்து மாட்டிய படம் எங்கே என்றால், டிரிப் ஸ்டாண்டுக்குப் பின்னால் சட்டத்தின் கீழ் விளிம்பு மட்டும் தெரிந்தது. ஃபின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த ஆல்வர் ஆல்ட்டோவுக்கு 1933க்கு முன்பே இது புரிந்திருக்கிறது. கூரைக்குப் பச்சை பூசி, படுத்திருப்பவரின் கண்ணில் அடிக்காத இடத்தில் விளக்கை வைத்தார்.

எனவே கால்மாட்டுச் சுவரில் மாட்டுங்கள். துடைக்க முடியாத கேன்வாஸ் என்றால் அதன் மேல் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போடுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டு ஆட்களிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

மஞ்சள் உற்சாகம் தரும் என்கிறார்களே, வார்டு முழுக்க அடிக்கலாமா?

காமாலை வந்தவரை நர்ஸ் எப்படிக் கண்டுபிடிப்பார்? அடர்ந்த மஞ்சளோ நீலமோ சுவரில் இருந்தால் அந்தச் சாயல் தோலிலும் விழும். நோயாளியைப் பரிசோதிக்கும் இடத்தில் வெளிர் நிறமே போதும். அழுத்தமான நிறங்களை நடைபாதைக்கும் காத்திருக்கும் அறைக்கும் கொண்டுபோங்கள்.

ஐ.சி.யு.வில் நவீன ஓவியம் வைக்கலாமா?

எனக்குப் பிடிக்கும், ஆனால் அங்கே வைக்க மாட்டேன். இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வில் நீரும் மரமும் உள்ள காட்சி பதற்றத்தைக் குறைத்தது. கட்டம் கட்டமான அரூப ஓவியமோ படமே இல்லாததைவிட மோசமாக இருந்தது. மருந்து மயக்கத்தில் இருப்பவருக்குத் திரைச்சீலையின் பூ வேலைப்பாடுகூட ஊரும் பூச்சியாகத் தெரியலாம். அவர் கண்ணுக்கு எதிரே பெரிய எழுத்தில் ஒரு கடிகாரமும் தேதியும் இருக்கட்டும்.

அம்மாவுக்கு 78 வயது, மறதி நோய். வார்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

தரையை. பளபளத்தால் ஈரம் என்று நினைப்பார், கறுப்பு மிதியடியைப் பள்ளம் என்று தாண்டப் பார்ப்பார். வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் கழிப்பறை இருக்கை சுவர் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடட்டும்.

இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறேன் சார். சுவரை மாற்ற என்னால் முடியாது, வரையவும் தெரியாது.

1941ல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நின்று வரைய முடியாத பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ், வண்ணம் பூசிய தாளைக் கத்தரித்து எங்கே ஒட்டுவது என்று உதவியாளர்களுக்குச் சொன்னார். உங்களுக்கும் அதே வழிதான். ஒரு அட்டை, நாலைந்து வண்ணத் தாள், முனை மழுங்கிய கத்தரி. அட்டையைச் சாப்பாட்டு மேசையில் கால்பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பிடிக்காத தாளை மறுநாள் எடுத்துவிடலாம். யாரிடமும் கேட்க வேண்டாம்.