டைம்ஷேர் பிடிக்கவில்லை என்று இ.எம்.ஐ.யை நிறுத்தலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன், வயது 47. போன வருஷம் ஜூலையில் ஒரு மாலில் கூப்பன் எழுதிப் போட்டோம். பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு ஹோட்டலுக்கு அழைத்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பேசி, 25 வருடத்துக்கு வருஷம் 7 இரவு தங்கும் டைம்ஷேர் மெம்பர்ஷிப்பை ரூ.3,80,000-க்கு எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ரூ.80,000 கார்டில் கொடுத்தேன். மீதிக்கு மாதம் ரூ.10,200 வீதம் 36 இ.எம்.ஐ. இதுவரை 11 கட்டியாகிவிட்டது. பணம் ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பேரில் கணக்கிலிருந்து போகிறது. வருடாந்திரக் கட்டணம் ரூ.16,500 தனி. நவம்பரில் குடகில் மூன்று இரவு தங்கினோம். மே மாதம் பிள்ளைகளின் லீவுக்கு ஊட்டி, மூணாறு என்று எங்கே கேட்டாலும் ரூம் இல்லை என்றார்கள். அதே ரிசார்ட்டில் வெளி வெப்சைட் வழியாகக் காசு கொடுத்தால் ரூம் கிடைக்கிறது. பேசாமல் ஹோட்டலிலேயே தங்கியிருக்கலாம் என்று மனைவி தினமும் சொல்லி அழுகிறார். அடுத்த மாதம் முதல் இ.எம்.ஐ.யை நிறுத்திவிட்டு, போலீஸில் மோசடிப் புகார் கொடுத்து, நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே மேடம்?

பதில்: இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். அதில் சட்டப்படி கனமான வரி ஒன்றே ஒன்று. அதையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 'பணம் ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பேரில் போகிறது.' அப்படியென்றால் டைம்ஷேர் கம்பெனிக்கு நீங்கள் தர வேண்டிய விலைப் பாக்கி எதுவும் இல்லை. அன்றைக்கு அந்த ஹாலில் போட்ட கையெழுத்துகளில் சில, தனியாக ஒரு கடன் ஒப்பந்தத்தில் விழுந்திருக்கின்றன. ஃபைனான்ஸ் கம்பெனி உங்கள் பேரில் ரூ.3,00,000 கடன் போட்டு டைம்ஷேர்காரர்களிடம் கொடுத்துவிட்டது. அவர்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் தவணையை நிறுத்தினால் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. அடி முழுக்க உங்கள் மேல்தான் விழும்.

டைம்ஷேர் கம்பெனியே தவணை வசூலித்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்போது நிறுத்தினால் மெம்பர்ஷிப்பை ரத்து செய்வார்கள், கட்டியதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள், மீதிக்குச் சண்டை போடலாம். செக் எதுவும் கொடுத்து வைக்காமல் இருந்தால் ஆபத்து குறைவு. இங்கே இருப்பது இரண்டு ஒப்பந்தம், இரண்டு எதிராளி. ஒருவன் செய்த தப்புக்காக, இன்னொருவனுக்கு நீங்கள் கட்ட வேண்டிய கடனை நிறுத்திவைக்க முடியாது.

வழக்கறிஞரான என்னிடம் லிங்கராஜபுரத்திலிருந்து வந்த ஒரு கட்சிக்காரர் செய்தது இதுதான். உங்களைப் போலவே கோபம். வங்கிக்குப் போய், கணக்கிலிருந்து தவணை எடுக்கக் கொடுத்திருந்த அனுமதியை (மேண்டேட்) ரத்து செய்துவிட்டு, கம்பெனிக்கு ஒரு காரசாரமான மெயில் அனுப்பிவிட்டு, முடிந்தது கதை என்று இருந்துவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து ஓசூரில் வீடு வாங்க வீட்டுக் கடன் கேட்டபோதுதான் வங்கி அவருடைய சிபில் அறிக்கையை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்ற பதிவை, காட்டியிருக்கிறது. அந்தத் தாளை என் மேஜையில் விரித்து வைத்தார். மாத வாரியான கட்டங்களில் 30, 60, 90 என்று தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போய், கடைசியில் வசூலாகாத கடன் என்று கணக்கைத் தள்ளி எழுதியிருந்தார்கள். வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போயிற்று. வீட்டுக்காரரிடமிருந்து பாதியாவது திரும்பி வருமா என்று கேட்கத்தான் அவர் என்னிடம் வந்திருந்தார். டைம்ஷேரைப் பற்றி அவர் பேசவே இல்லை, அவ்வளவு மறந்து போயிருந்தது. இப்போது ஒரே மாதத்தில் ஒரு முறைக்கு மேலேயே சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் போகிறது. ஒரு தவணை தவறினாலும் தெரிந்துவிடும்.

சிபிலோடு போனால் பரவாயில்லை. செக் பவுன்ஸ் ஆனால் 138-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கில் பணம் இல்லாமல் மின்னணுத் தவணை திரும்பினாலும் அதே தண்டனைதான் என்பது பலருக்குத் தெரியாது. 2007-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, பணப்பட்டுவாடா முறைகளுக்கானது. அதன் 25-ஆவது பிரிவு இரண்டு வருடம் வரை சிறை, தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்கிறது. சம்பளக் கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் தவணை தானாக நின்றுவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கடன் வாங்கும்போது பாதுகாப்புக்கு என்று வெற்றுச் செக் கொடுத்தீர்களா என்பதையும் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். கொடுத்திருந்தால் ஸ்டாப் பேமென்ட் போட்டாலும் 138 வழக்கு வரலாம். கடன் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பார் என்ற நிபந்தனை, இருந்தால் வேறொரு ஊரிலிருந்துகூட நோட்டீஸ் வரும். போகாமல் விட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே உத்தரவு போட்டுவிடுவார்கள்.

சரி, உங்கள் மனக்குறைகளுக்கு வருகிறேன். பரிசு என்று அழைத்தது, மூன்று மணி நேரம் உட்கார வைத்தது, ஊட்டி எப்போது வேண்டுமானாலும் என்று விற்றவர் வாயால் சொன்னது, இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் கையெழுத்துக்குப் பிறகு வரவேற்பு அழைப்பு என்று ஒரு போன் வந்திருக்கும். 'சீசன், வருடாந்திரக் கட்டணம் எல்லாம் புரிந்ததா? வேறு வாக்குறுதி யாராவது கொடுத்தார்களா?' என்று கேட்டிருப்பார்கள். அவசரத்தில் நீங்களும் எல்லாம் சரி என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் பதிவுதான் அவர்களுடைய முதல் சாட்சி. போலீஸ் புகாரும் நிற்காது. ரிசார்ட் இருக்கிறது, நீங்கள் குடகில் தங்கியும் வந்துவிட்டீர்கள். இது சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

மே மாதம் ரூம் கிடைக்காததைப் பெரிய ஆயுதம் என்று நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் இணைத்து அனுப்பிய ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். வலது மூலையில் சின்னப் பெட்டியில் 'வெள்ளை' என்று டிக் அடித்திருக்கிறது. டைம்ஷேரில் சீசனுக்கு ஒரு நிறம். எல்லோரும் போக விரும்பும் வாரங்கள் சிவப்பு, நடுத்தரம் வெள்ளை, கூட்டமில்லாதது நீலம். பள்ளி லீவு சிவப்பில்தான் வரும். நீங்கள் வாங்காத வாரத்தில் ரூம் தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு ஆகாது. ஆனால் வெளி வெப்சைட்டில் அதே ரூம் விற்கிறது என்றீர்களே, அதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. உங்கள் வெள்ளை வாரங்களில் கேளுங்கள். இல்லை என்று மெயிலில் பதில் வந்தால், அதே நாள் அதே ரிசார்ட் வெளியில் விற்பதைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மூன்று நான்கு முறை அப்படிச் சிக்கினால் அதுதான் வழக்கு. போனில் கேட்டதற்கு மதிப்பில்லை.

ஹோட்டலே மேலா என்ற உங்கள் மனைவியின் கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் சமரசம் பேசும்போது இந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டும். 80,000-மும் 36 தவணையும் சேர்த்து ரூ.4,47,200. அதை 175 இரவுக்கு வகுத்தால் இரவுக்கு ரூ.2,555. வருடாந்திரக் கட்டணத்தை 7 இரவுக்கு வகுத்தால் ரூ.2,357. ஆக ஒரு இரவு ஏறக்குறைய ரூ.4,900, சாப்பாடு தனி. இதுவும் 72 வயது வரை ஒரு வருடம் விடாமல் ஏழு இரவும் போனால்தான். போன வருடம் போல மூன்று இரவு மட்டும் என்றால் இரவுக்கு ரூ.11,400-ஐத் தாண்டுகிறது. வருடாந்திரக் கட்டணம் ஏறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. ஒப்பந்தத்தில் ஏற்ற உரிமை வைத்திருக்கிறார்கள். ஹோட்டலில் போகாத வருடம் செலவே இல்லை. இரவுக்கு ரூ.7,500 வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். டைம்ஷேரில் சந்தோஷமாக இருக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றவர்கள், சொந்தத் தொழில் பார்க்கிறவர்கள், ஜூலையிலோ செப்டம்பரிலோ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடியவர்கள். அம்மா அப்பாவையும் அழைத்துப் போய், சமையலறை உள்ள யூனிட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்துத் தங்குகிற குடும்பத்துக்கு அது உண்மையிலேயே வசதி. பள்ளிக்கூட லீவுக்குக் கட்டுப்பட்ட உங்களைப் போன்றவர்களுக்கு அது சரிப்பட்டு வராது.

அடுத்து வழக்கு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட உள்ள இரண்டு வருடக் கெடுவில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. 'மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் சார்' என்று வாட்ஸ்அப்பில் இழுத்தே அதை முடித்துவிடுவார்கள், அவர்களோடு மெயில் பரிமாறிக்கொண்டிருப்பதால் கெடு நீளாது. ஆர்பிட்ரேஷன் ஷரத்து நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் எம்மார் வழக்கில் தீர்த்துவிட்டது, அதற்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் பெங்களூரில் வசிப்பதே இங்கே வழக்குப் போடப் போதும். ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. ஆனால் மனுவில் ஒரு வார்த்தையில் கவனம் வேண்டும். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதி மாவட்ட ஆணையத்தில் போட்டால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் என்று எதிர்த் தரப்பு மடக்கும். அந்த வாதத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும். 'நியாயமற்ற வணிக நடைமுறை', 'சேவைக் குறைபாடு' என்று எழுதுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனியையும் எதிர் மனுதாரராகச் சேருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் ஆலோசனை: பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருமுறை தங்கியது, வெள்ளை சீசன், அந்தப் போன் பதிவு, மூன்றும் சேர்ந்தால் முழுப் பணமும் எந்த ஆணையத்திலும் வராது. ரத்து செய்ய ஒப்பந்தம் கொடுத்த பத்து நாளும் போன வருடமே கடந்துவிட்டது. இதுவரை கொடுத்த ரூ.1,92,200-இல் பாதியை விட்டுவிட்டாலும், மிச்சமுள்ள 25 தவணையும் இனி வரப்போகும் 24 வருடக் கட்டணமும் கழுத்திலிருந்து இறங்கினால் அது உங்களுக்கு வெற்றிதான். வழக்குப் போட்டுவிட்டு, ஆணையத்தின் சமரச மையத்திலேயே பேசுவது இன்னும் நல்லது. அங்கே முடிவானதை ஆணையம் உத்தரவாகவே பதிவு செய்துவிடும்.

நான் பார்த்ததில் அதிகம் பேர் விழுவது சமரசத்தில்தான். கம்பெனி முதலில், மெம்பர்ஷிப்பை மாற்றித் தருகிறோம், சிவப்பு சீசன் தருகிறோம், இன்னும் ரூ.90,000 மட்டும் என்று வரும். அதில் கையெழுத்துப் போட்டால் பழைய ஒப்பந்தத்தின் குறைகளைப் பற்றி இனி பேச மாட்டேன் என்று ஒரு வரி இருக்கும். அதோடு வழக்கு முடிந்தது. பணம் கைக்கு வருமுன் 'முழு இறுதித் தீர்வு' என்ற தாளிலும் கையெழுத்து வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கடனை யார் முடிப்பது என்பது. மெம்பர்ஷிப் ரத்து என்று ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனவருக்கு அடுத்த மாதமும் இ.எம்.ஐ. போனதை நான் பார்த்திருக்கிறேன். டைம்ஷேர் கம்பெனியே ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நேராகப் பணம் கட்டிக் கடனை முடிக்க வேண்டும், பாக்கி இல்லை என்ற சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும், சிபிலில் கணக்கு 'முடிக்கப்பட்டது' என்று பதிவாக வேண்டும். 'செட்டில்டு' என்று போட விடாதீர்கள். குறைத்துக் கட்டித் தப்பித்தவர் என்று அதற்கு அர்த்தம் எடுப்பார்கள். இந்த மூன்றும் சமரசப் பத்திரத்தில் வார்த்தை வார்த்தையாக இருக்கட்டும்.

உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் ரெடி, முன்பணமாக ஜி.எஸ்.டி. மட்டும் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். உங்கள் பேர், எண், கட்டிய தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதனால் நம்பிவிடாதீர்கள்.

இந்த வாரமே ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பிக் கடன் ஒப்பந்தத்தின் நகல், கணக்கு விவரம், முன்கூட்டி முடிக்க எவ்வளவு என்ற தொகை மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மேன்) செலவில்லாமல் புகார் கொடுக்கலாம். டைம்ஷேர் கம்பெனிக்கு ரத்து கேட்டு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம், ஒரே பக்கம். அதில் மனைவி அழுவதையெல்லாம் எழுத வேண்டாம், தேதியும் தொகையும் போதும். அடுத்த தவணைத் தேதிக்குக் கணக்கில் ரூ.10,200 இருக்கட்டும்.