கப்பல் தளத்துக்குப் பலகை ஒட்டுவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மரத்தில் பாய்மரக் கப்பல் மாதிரி செய்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். இன்றைக்குத் தளம் மட்டும்தான் பேச்சு. வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரே கேள்வி திரும்ப வந்தால் பதில் சுருங்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல்கப்பல்: சார், 1:64 அளவில் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் ஒன்று கட்டுகிறேன். பெட்டியில் 5 மி.மீ. அகலப் பட்டைகள் இருக்கின்றன. முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே பட்டையாக ஒட்டச் சொல்லிப் படம் போட்டிருக்கிறார்கள். அப்படியே செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் உங்களுக்கே மனசு வராது. தளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 64ஆல் பெருக்கினால் 25 மீட்டருக்கு மேல் வருகிறது. அந்த நீளத்துக்கு ஒரே பலகை அறுக்க மரத்துக்கு எங்கே போவார்கள்? நிஜக் கப்பலில் பலகை 20 அடி, 24 அடி, கிடைத்தால் 30 அடி. 24 அடி என்றால் உங்கள் அளவில் 114 மி.மீ. அகலம் 10 அங்குலம் என்று எடுத்தால் 4 மி.மீ. உங்கள் 5 மி.மீ. பட்டை பன்னிரண்டரை அங்குலப் பலகைக்குச் சமம். கொஞ்சம் அகலம்தான், ஆனால் அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்.

பட்டையை எடுப்பதற்கு முன்னால் பென்சிலை எடுங்கள். இதை இன்று பத்து முறையாவது சொல்லப்போகிறேன்: முதலில் உத்தரக் கோடு. நிஜத்தில் பலகை காற்றில் நிற்பதில்லை, குறுக்கே போகும் உத்தரங்களின் மேல் கிடக்கிறது. இரண்டு பலகையின் முனைகள் முட்டும் இடம் ஏதாவது ஓர் உத்தரத்தின் மேல்தான் விழ வேண்டும், இல்லாவிட்டால் ஆணி அடிக்க இடம் இல்லை. அதனால் அடித்தளமாக ஒட்டியிருக்கும் ஒட்டுப்பலகையில் 28 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிஜத்தில் அது சுமார் 6 அடி. ஒரு பலகையின் நீளத்தில் நான்கு கோட்டு இடைவெளி அடங்கும்.

இனி முட்டுகள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் முட்டுகள் 5 அடிக்குள் நெருங்கக் கூடாது. ஒரே உத்தரத்தில் இரண்டு முட்டு வர வேண்டுமானால் நடுவில் மூன்று வரிசையாவது முட்டில்லாமல் போக வேண்டும். கோடுகளுக்கு 1, 2, 3, 4, மறுபடி 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். முதல் வரிசையின் முட்டு 1இல், அடுத்தது 3இல், அடுத்தது 2இல், அப்புறம் 4இல், திரும்பவும் 1இல். 1-2-3-4 என்று போனாலும் விதி மீறாது. ஆனால் முட்டுகள் மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகும், கண்ணை உறுத்தும். நடுப்பலகையிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரே ஒழுங்கு இருக்கட்டும்.

சனிக்கிழமைத்தச்சன்: பால்சா மரம் கைவசம் நிறைய இருக்கிறது. தளத்துக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. நகம் பட்டாலே பள்ளம் விழும்.

நங்கூரம்: அண்ணா, தளத்தின் முன்பக்கம் கப்பல் குறுகும் இடத்தில் பட்டைகளைப் பென்சில் முனை மாதிரி கூராக்கித்தான் ஒட்டினேன். எல்லாம் பொருந்திவிட்டது. ஆனால் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். என்ன தப்பு?

பதில்: நண்பர் சிரித்திருக்க வேண்டாம், சொல்லிக் கொடுத்திருக்கலாம். பலகைகளின் இடுக்கில் தாரில் ஊறிய சணல்நாரைத் திணித்து, அகல உளி மாதிரி ஒரு இரும்பை வைத்து அடித்து இறக்குவார்கள். மேலே சூடான கீல், அதாவது உருக்கிய கறுப்புத் தார்ப்பிசின், ஊற்றுவார்கள். நம் மொழியில் இதற்குக் கலப்பற்று என்றே பெயர் உண்டு. உங்கள் கூர்முனைப் பலகையின் ஓரத்தில் அந்த அடி விழுந்தால் என்ன ஆகும்? முனை பிளக்கும், ஆணியும் நிற்காது, தண்ணீர் கீழே இறங்கும்.

அதனால்தான் ஓரத்தில் வளைந்து போகும் விளிம்புப் பலகையில் காடி (முனை உட்காரும் பள்ளம்) வெட்டி, தளப்பலகையின் முனையை மொட்டையாக்கி அதில் உட்கார வைத்தார்கள். எந்தப் பலகைக்குக் காடி வேண்டும் என்பதற்கு மாதிரிக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று இருக்கிறது. பலகை விளிம்பை அடையும்போது சாய்வாக வெட்ட வேண்டிய நீளத்தை அளந்து பாருங்கள். அது பலகை அகலத்தைப்போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் வெறும் சாய்வு வெட்டு போதும். தாண்டினால் காடி. முனையில் பலகை அகலத்தில் பாதியாவது மிஞ்ச வேண்டும். 4 மி.மீ. பட்டைக்கு முனை 2 மி.மீ.

காடியை விளிம்புப் பலகையில் முன்கூட்டியே வெட்டாதீர்கள். தளப்பலகையின் முனையை முதலில் வெட்டி, விளிம்பின் மேல் வைத்து, கத்தி நுனியால் கோடு இழுத்து, அப்புறம் காடி. ஆணுக்கு ஏற்ற பெண் என்று தச்சர்கள் பொருத்து பார்ப்பது மாதிரிதான்.

1869இல் கடலில் இறங்கிய கட்டி சார்க் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் என்றால் காடி இல்லாமல் விடவே கூடாது.

அலைமகன்: 1:96இல் பலகை அகலம் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: முதல் பதிலில் உள்ள அதே 10 அங்குலத்தை 96ஆல் வகுங்கள். 2.6 மி.மீ.

கறுப்புமை: பலகைகளுக்கு இடையே கறுப்புக் கோடு தெரிய வேண்டும். மார்க்கர் பேனாவால் பட்டையின் ஓரத்தில் பூசினேன். வார்னிஷ் அடித்ததும் கறுப்பு மரத்துக்குள் பரவி, தளம் முழுக்கக் கரப்பான் கால் மாதிரி ஆகிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

பதில்: இல்லை. பிரித்து எடுங்கள். மார்க்கர் மையில் இருக்கும் கரைப்பானும் வார்னிஷில் இருக்கும் கரைப்பானும் கைகோத்துக்கொண்டால் மை மரத்தின் நரம்பு வழியே ஓடும். பென்சில்கரி ஓடாது. 2பி அல்லது 4பி பென்சிலை எடுத்துப் பட்டையின் ஒரு நீள ஓரத்திலும் ஒரு முனையிலும் மட்டும் அழுத்தித் தேயுங்கள். இரண்டு ஓரமும் தேய்த்தால் கோடு தடித்துவிடும். நிஜத்தில் அந்த இடுக்கு 6, 7 மி.மீ.தான். 64இல் ஒரு பங்கு என்றால் 0.1 மி.மீ. ஒரு காகிதக் கனம். கறுப்பு மெல்லிய தாளை இடையில் வைத்து ஒட்டுபவர்களும் உண்டு, அழகாகவே வரும், பொறுமை வேண்டும்.

பென்சில்கரிக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒட்டி முடித்ததும் உப்புத்தாளைக் குறுக்கே போட்டுத் தேய்த்தால் கரி வெளுத்த மரத்தில் அப்பிக்கொள்ளும். நான் தளத்தைத் தேய்ப்பதே இல்லை, சுரண்டுகிறேன். சவர பிளேடைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, நார் ஓடும் திசையில் என் பக்கமாக இழுப்பேன். சுருள் சுருளாக வர வேண்டும். தூளாக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

பொறுமையில்லாதவன்: வெள்ளைப் பசை காயும்வரை காத்திருக்க முடியவில்லை. சூப்பர் க்ளூ போட்டால் ஒரே மாலையில் முடித்துவிடலாமே?

பதில்: முடித்துவிடலாம். என் இரண்டாவது கப்பலை அப்படித்தான் முடித்தேன். பிதுங்கிய பசையைத் துடைத்தது போலத்தான் இருந்தது. எண்ணெய் பூசியதும் பசை ஊறிய இடமெல்லாம் எண்ணெயைக் குடிக்காமல் வெளிறிய திட்டுகளாக நின்றன. பத்து வருஷம் ஆகிறது, அந்தத் திட்டுகள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளைப் பசைதான் சரி. பட்டையில் தடவாதீர்கள், பட்டை நனைந்து ஊதும். ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிசாகப் பூசி, ஒரு நேரத்தில் ஒரு பட்டை. உத்தரக் கோடு பசைக்கு அடியிலும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடு போட்டீர்கள்தானே?

புள்ளிக்காரன்: ஐயா, மர ஆணிகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? 1:64 கப்பலில் மூங்கிலைச் சீவி, துளையிட்ட எஃகுத் தகட்டின் வழியே இழுத்து 0.6 மி.மீ. ஆணி செய்து தளம் முழுக்க வைத்திருக்கிறேன். 840 ஆணி. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

பதில்: உழைப்புக்கு ஒரு கும்பிடு. 0.6 என்ற கணக்கும் சரி, ஒன்றரை அங்குலத்தை 64ஆல் வகுத்தால் அதுதான். ஆனால் "தெளிவாகத் தெரிகிறது" என்பதில்தான் எனக்குத் தகராறு. மேல்தளத்தில் இரும்பு ஆணி அடித்து, தலையைப் பலகைக்குள் அமுக்கி, மேலே அதே மரத்தில் தக்கை செருகி மூடுவது பரவலான வழக்கம். தக்கையின் நாரும் பலகையின் நார் ஓடும் திசையிலேயே இருக்கும்படி வைப்பார்கள். வைத்துச் சீவிவிட்டால் பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் மூங்கில் ஆணி முனைநாரை, அதாவது நாரைக் குறுக்கே வெட்டிய முகத்தை, காட்டுகிறது. முனைநார் எண்ணெயை அதிகம் குடிக்கும், கறுக்கும். மாதிரியை 50 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜக் கப்பலை 32 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து அதே நிறத் தக்கை தெரியுமா? உங்கள் தளத்துக்கு அம்மை போட்டிருக்கிறது.

புள்ளிக்காரன்: 32 மீட்டரிலிருந்து காகிதக் கனத்துக்கு இருக்கும் கறுப்புக் கோடு மட்டும் தெரியுமா? அதைப் போடச் சொல்கிறீர்களே!

பதில்: தெரியும். கீல் கறுப்பு, மரம் வெளுப்பு, அதோடு கோடு நீளமாக ஓடுகிறது. மெல்லிய மின்கம்பி தூரத்தில் தெரிகிறது, அதே கனமுள்ள மணல் துகள் தெரிவதில்லை.

மணற்கல்: நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பிரிட்டிஷ் போர்க்கப்பலான விக்டரியின் இன்றைய தளத்தைப் படமெடுத்துப் பலகைகளை எண்ணி அதே மாதிரி செய்கிறேன். சரிதானே?

பதில்: விக்டரி 1765இல் மிதந்தது, டிரஃபால்கர் போர் 1805இல். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பழுதுபார்த்து மரம் மாற்றியிருக்கிறார்கள். இன்றைய தளத்தை எண்ணினால் இன்றைய தளம்தான் கிடைக்கும். எந்த வருஷத்து விக்டரி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

புள்ளிக்காரன்: ஐயா, விடமாட்டேன். தூரத்திலிருந்து தெரிவதை மட்டும் செய்ய வேண்டுமென்றால் ஓவியம் போதுமே, மாதிரி எதற்கு? கப்பல் எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டுவதுதான் மாதிரி. உத்தரத்துக்கு உத்தரம் ஆணி எங்கே விழுகிறது என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? நீங்களே உத்தரக் கோடு, உத்தரக் கோடு என்கிறீர்கள். பலகை ஒட்டியதும் அந்தக் கோடு மறைந்துவிடும். என் புள்ளிகள்தான் அதை வெளியே காட்டுகின்றன.

பதில்: கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை, நல்ல வாதம். ஆணிக்கே நான் எதிரி இல்லை. கறுப்புப் புள்ளிக்குத்தான் எதிரி. தளம் எந்த மரமோ அதே மரத்தில் ஆணி இழுத்துப் பாருங்கள். ஒரு துண்டுப் பலகையில் பாதிக்கு மூங்கில், பாதிக்கு அதே மரம். இரண்டுக்கும் எண்ணெய் பூசி, ஒரு வாரம் கழித்துக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

துடுப்பு: பாய்க்கயிறுகளுக்கு எந்த நூல் நல்லது?

பதில்: இன்று தளம் மட்டும்.

வால்நட்பிரியன்: தளத்துக்கு வால்நட் போட்டுப் பளபள வார்னிஷ் அடித்தால் எடுப்பாக இருக்குமே?

பதில்: சாப்பாட்டு மேசை மாதிரி எடுப்பாக இருக்கும். மாலுமிகள் தளத்தை மணலும் மணற்கல்லும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தார்கள். ஹாலி, மேப்பிள், பாஸ்வுட் என்று வெளுத்த மரமாக எடுங்கள். பளபளப்பு இல்லாத பூச்சு, மெல்லிசாக. வால்நட்டை விளிம்புப் பலகைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் கறுப்புத் தூள் பக்கத்து வெள்ளை மரத்தின் துளைகளில் போய் உட்காரும், அதனால் சுரண்டுங்கள். முகமூடி போடுங்கள்.

தென்றல்காற்று: 1:48க்குப் பலகை அகலம்?

பதில்: மேலே. முதல் பதில். 48ஆல் வகுங்கள்.

பாய்மரம்: ஒட்டுப்பலகைத் தளத்தைத் தட்டையாக ஒட்டிவிட்டேன். நடுவில் மேடு வேண்டுமாமே, இப்போது என்ன செய்வது?

பதில்: மேலே பலகை ஒட்டவில்லை என்றால் பிரிப்பதுதான் நல்லது. தளத்தின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தால்தான் தண்ணீர் ஓரத்து வடிகால்களுக்கு ஓடும். நிஜத்தில் நடுவில் 20 செ.மீ. உயரம் என்றால் 1:64இல் 3 மி.மீ. குறைவு என்று தோன்றும், ஆனால் தட்டையான தளத்தைக் கண் உடனே பிடித்துவிடும். குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பை அந்த வளைவுக்குச் சீவி, ஒட்டுப்பலகையை லேசாக நனைத்து அதன் மேல் கட்டிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு பசை. அப்புறம் உத்தரக் கோடு.

புதுமுகம்: வணக்கம் சார், பலகை எவ்வளவு அகலம் வைக்க வேண்டும்?

பதில்: வணக்கம். முதல் பதில்.

புள்ளிக்காரன்: ஐயா, ஒரு வாரம் பொறுக்க மனசு வரவில்லை. ஏற்கெனவே எண்ணெய் பூசி வைத்திருந்த துண்டு ஒன்றில் இரண்டு வகை ஆணியும் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். கையெட்டும் தூரத்தில் மூங்கில் தெரிகிறது, நீங்கள் சொன்ன அம்மைதான், ஒத்துக்கொள்கிறேன். மேப்பிளில் மேப்பிள் ஆணி தெரியவே இல்லை. ஆனால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் வரிசை வரிசையாக லேசாகத் தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பதில்: எனக்கும் பிடிக்கும் போலிருக்கிறது. மேப்பிளை 0.6க்கு எப்படி இழுத்தீர்கள்? எனக்கு 0.8க்குக் கீழே போனால் உடைந்துகொண்டே இருக்கிறது.