கார்டு வீடு வந்து சேரட்டும்: ஆவணப்பட ஒளிப்பதிவு பற்றிய கேள்வி பதில்

லடாக், அருணாசலம், சுந்தரவனம், கட்ச் உப்புப் பாலை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்து, இருபத்தாறு ஆண்டுகளாக ஆவணப்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்கிறேன். சிலவற்றை இயக்கியும் இருக்கிறேன். வீடு காரைக்குடியில். நம் பகுதி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எவ்வளவு சம்பளம் கிடைக்கும், எந்த நிறுவனத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கும் ஏழு பேரும் ஒரு தயாரிப்பாளரைக் கேட்பது நல்லது. என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர் எவரும் அந்த யோசனையை என்னிடம் கேட்க மாட்டார்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: தொலைதூர இடங்களில் மிகப் பெரிய சிரமம் எது? குளிரா, உயரமா, சாப்பாடா?

மூன்றும் சிரமந்தான், ஆனால் எடுத்த படத்தை வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. விழுங்கும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எடுத்தால் இருபது நாளில் 2.7 டி.பி. ஆகிவிடும், இரண்டு பிரதி என்றால் அதுவும் இரட்டிக்கும். படம் பதியும் மெமரி கார்டு போதவில்லை என்ற நிலை வரும்போதுதான், 'டிஸ்க்கில் ஏற்றியாயிற்றே, அழித்துவிடலாம்' என்ற எண்ணம் வரும்.

எனக்கும் வந்தது. சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க்கில், எழுதும் முனை தட்டைத் தொடாமல் அது கிளப்பும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் அந்தப் படலமும் மெலிவதால் முனை தட்டில் உரசிவிடலாம்; அதனால்தான் இத்தகைய டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில், சுமார் 3,000 மீட்டர் உயரம் வரைதான் இயக்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 4,500 மீட்டரில், கூடாரத்துக்குள், என் டிஸ்க் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கிய பிறகுதான் நான் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். ஒன்பது நாள் உழைப்பு அதில் இருந்தது. கார்டுகளை முந்தின இரவே அழித்திருந்தேன்.

ஆகவே, மலைக்குச் சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் மட்டும் கொண்டுபோங்கள். இரண்டு பிரதி, இரண்டு பெட்டி, இரண்டு ஆள்; இரண்டும் ஒரே ஜீப்பில் பயணம் செய்யக் கூடாது. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போன நம் முன்னோர், அங்கே கடை எப்படி நடந்தாலும் ஊருக்கு ஐந்தொகை என்னும் கணக்கறிக்கை அனுப்பத் தவறியதில்லை. அதைப் போல ஒவ்வோர் இரவும், எந்தக் கார்டு எந்த டிஸ்க்கில் ஏறியது, யார் சரிபார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரதியைத் திறந்து ஓட்டிப் பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள்.

பள்ளத்தூர்: ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் எந்தக் கேமரா வாங்கலாம்?

பழைய கேமரா ஒன்றை முப்பதாயிரத்துக்குள் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தை மைக்கிலும் முக்காலியிலும் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார்; பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். மைக்குக்குக் காற்றுத் தடுக்கும் ரோம உறையும் சேர்த்து வாங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத வெறும் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பாளர் உங்களை வாழ்த்துவார்.

கானாடுகாத்தான்: வரும் ஜனவரியில் லடாக் போகிறேன். குளிரில் பேட்டரி நிற்காது என்கிறார்களே?

நிற்காதுதான். லித்தியம் அயனி பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தப்படும். முழுதாக ஏற்றிய பேட்டரிகூட வெளியே எடுத்த சிறிது நேரத்தில் தீர்ந்துவிட்டதாகக் காட்டும். உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் அதே பேட்டரி மறுபடி உயிர் பெறும். அதனால் கேமராவில் ஒன்று, மார்பருகே மூன்று என்று மாற்றிக்கொண்டே இருப்போம். இரவில் அவை தூங்கும் பைக்குள் நம்மோடு படுக்கும். பலர் அறியாதது இன்னொன்று: உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடக் கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். முதலில் அது அறைச் சூட்டுக்கு வர வேண்டும்.

அதைவிடப் பெரிய பகை ஈரம். வெளியே கடுங்குளிரில் நின்ற கேமராவோடு, அடுப்பெரியும் சமையலறைக்குள் டீ குடிக்க நுழைந்தால், பானை மேல் வியர்ப்பதைப் போல லென்ஸும் உள்ளிருக்கும் சென்சாரும் வியர்க்கும். வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, காற்றுப் புகாமல் கட்டிய பிறகு உள்ளே வாருங்கள். ஈரம் பையின் மேல் படியும். இரண்டு மணி நேரம் பிரிக்காதீர்கள். கார்டு வேண்டுமென்றால் வெளியிலேயே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் உபரிப் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கிய முதல் இரண்டு நாள் படுத்துக் கிடப்பதைத் தயாரிப்புச் செலவில் சேர்த்துவிடுங்கள். அதற்கு மேல் போகும்போது, படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். தலைவலியோடு தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் படப்பிடிப்பை நிறுத்திக் கீழே இறங்க வேண்டும். உயர நோய்க்கான மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

புதுவயல்: குழுவில் எத்தனை பேர் இருக்க வேண்டும்?

மூன்று பேர். நம் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று இருந்ததே, அந்தக் கணக்கு. படம் ஒருவர், ஒலி ஒருவர், கார்டும் சாமானும் மொழியும் பார்க்க அந்த ஊர்க்காரர் ஒருவர். நான்காவது ஆள் வந்தால் இரண்டாவது வண்டி வரும்; இரண்டாவது வண்டி வந்தால் ஊரே வேடிக்கை பார்க்க வரும். பெட்டியடிப் பையனாக வரும் உள்ளூர்க்காரரின் பெயரைப் படத்தில் போடுங்கள்.

கண்டனூர்: அண்ணே, எந்த பிராண்ட் கேமரா நல்லது?

பள்ளத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

காரைக்குடி: அந்தமானில் வடக்கு சென்டினல் தீவை, இறங்காமல், படகிலிருந்தோ டிரோன் வைத்தோ எடுக்கலாமா?

கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி அது தடை செய்யப்பட்ட பகுதி. சட்டம் கிடக்கட்டும், அங்கே வெளியுலகத் தொடர்பின்றி வாழும் பழங்குடியினர், சாதாரணச் சளிக்காய்ச்சலுக்குக்கூட எதிர்ப்புச் சக்தி இருக்க வாய்ப்பில்லாத மக்கள். 1974இல் ஒரு படக்குழு கரையருகே போனபோது அதன் இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது. 'எடுக்காதே' என்பதை அதைவிடத் தெளிவாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது. இதே கேள்வியை இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள், பதில் மாறாது.

அனுமதி என்ற பேச்சு வந்ததால் ஒன்று: அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் வெளிமாநிலத்தவர் உள்கோட்டு அனுமதிச் சீட்டு (இன்னர் லைன் பெர்மிட்) வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் கொடுத்த சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் இங்கே கொண்டுவராதீர்கள். அது கைதில் முடியும்.

கோட்டையூர், பள்ளி ஆசிரியர்: ஆவணப்படத்தில் ஒருவரை 'இன்னொரு தடவை செய்யுங்கள்' என்று கேட்பது பொய் அல்லவா? எங்கள் ஊர் ஏ.கே. செட்டியார் காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக யாரையும் நடிக்கச் சொல்லவில்லையே?

நல்ல கேள்வி, நல்ல உதாரணம். 1940இல் வெளிவந்த அந்தப் படத்துக்காக அவர் ஒரு லட்சம் மைல் அலைந்து, முப்பது ஆண்டுகளில் நூறு பேர் வரை எடுத்திருந்த காட்சிகளில் 50,000 அடி திரட்டினார். நொடிக்கு 24 சட்டகம் என்று வைத்தால் 35 மி.மீ. படச்சுருளில் அது சுமார் ஒன்பது மணி நேரம். ஆனால் அவர் பெரும்பாலும் பிறர் எடுத்ததைத் தேடினார்; நாம் எடுக்கப் போகிறோம். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

கனடாவின் வடகோடியில் வாழும் ஓர் இனுயிட் குடும்பத்தைப் பற்றி 1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படத்தில், இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி பனிக்குடிலுக்குள் வெளிச்சம் போதாமல் பாதிக் குடிலை மட்டும் கட்டச் சொன்னார். உறங்கி எழும் அந்தக் குடும்பம் திறந்த குளிரில் கிடந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியோடு வேட்டையாடச் சொன்னார். நானூக் என்பது படத்தின் நாயகனாக வரும் அந்த மனிதரின் பெயரே அல்ல. அவர் பெயர் அல்லகாரியல்லாக். இதற்கு முன்பு எடுத்த 30,000 அடி நெகட்டிவ், 1916இல் டொரான்டோவில் ஃபிளாஹர்ட்டியின் சிகரெட் நெருப்பில் எரிந்துபோனது. (பிரதி எடுக்காமல் வேலை செய்தால் அப்படித்தான்.)

தேவகோட்டை, மேற்படி மாணவர்: அப்படியென்றால் ஆவணப்படம் எல்லாமே நடிப்புத்தானே? கேமரா முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் நடிக்கத்தானே செய்வார்?

எல்லாமே நடிப்பு என்று சொல்லிவிட்டால் பொறுப்பு எதுவும் மிஞ்சாது. அது சோம்பேறியின் தத்துவம். என் கதையைச் சொல்கிறேன். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், கோடைத் தொடக்கத்தில், ஒரு மூதாட்டி சால்வைக்கு மென்மயிர் தரும் பஷ்மினா ஆட்டைக் கால் கட்டிக் கிடத்தி, வளைந்த பல் கொண்ட சீப்பால் அடிமயிரை வாரிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் புகையைப் போல அது சீப்பில் திரண்டு வந்தது. என் ஃபோகஸ் ஆட்டின் கொம்பில் நின்றுவிட்டது. இன்னொரு தடவை வாருங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். அவர் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாரினார். மாதங்கள் கழித்துப் படத்தொகுப்பு மேசையில்தான் கண்டேன்: கை அசைகிறது, முகத்தில் அதே கவனம், சீப்பில் ஒரு மயிர்கூட இல்லை. அதைத்தான் அவர் பார்வையால் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆத்தங்குடி, பெண் வாசகர்: எங்கள் தரைக்கல் பட்டறைக்கு வராத படக்குழு இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட் ஊற்றுவதை என் அப்பா ஒரே நாளில் எட்டுத் தடவை செய்து காட்டியிருக்கிறார். அந்த எட்டுக் கல்லும் நல்ல கல்தான், விற்றோம். அது பொய்யா?

அம்மா, இந்த வாதத்தில் உருப்படியான வார்த்தை உங்களுடையதுதான். உங்கள் அப்பாவின் வேலை தானாகவே திரும்பத் திரும்ப நடக்கும் வேலை. எட்டாவது தடவையும் வண்ணம் ஊற்றி, மணலும் சிமென்டும் தூவி, சாந்து பூசி, வெயிலில் காய வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டால் கல் கிடைக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், கூலி கொடுத்தால். (கொடுத்தார்களா?) ஆட்டின் மயிர் ஒரு தடவைதான் வரும். அழுகையும் அப்படி, பிரிவும் அப்படி. வேலை முடியும்போது கையில் கல் இருக்கிறதா, வெறுஞ்சீப்பு இருக்கிறதா என்று பார்த்தால் எனக்கு அநேகமாகப் பதில் கிடைத்துவிடுகிறது. கோட்டையூர் ஆசிரியர் இதற்கு மறுப்பாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். திறந்த மனத்தோடு படித்தேன், ஒப்பவில்லை.

குன்றக்குடி: டிரோன் பறக்கவிட என்ன விதி?

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளைப் படியுங்கள். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் கூடாது. எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பறக்கும் முன் பார்ப்பது உங்கள் வேலை.

நாச்சியாபுரம்: எங்கள் ஐயா ரங்கூனில் எடுத்ததாகச் சொல்லும் சிறிய படச்சுருள்கள் இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில் கிடக்கின்றன. புரொஜெக்டர் வாங்கி ஓட்டிப் பார்க்கலாமா?

தயவுசெய்து ஓட்டாதீர்கள். சுருங்கிய பழைய சுருளின் துளைகளைப் புரொஜெக்டரின் பல் கிழித்துவிடும். முதலில் அகலத்தை அளந்து பாருங்கள். 8 மி.மீ., 16 மி.மீ. என்றால் அவை எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள் அல்ல, அசிடேட் சுருள்; 35 மி.மீ. என்றால் நைட்ரேட்டாக இருக்கக்கூடும், அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, வீட்டிலேயே குளிர்ந்த, காய்ந்த இடத்தில் வையுங்கள். பெட்டகத்தின் பூட்டு உறுதிதான், ஆனால் மழைக்காலத்தில் அங்கே காற்றோட்டம் கிடையாது. பிறகு புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, படத்தில் யார் யார் என்று சொல்லத்தெரிந்த ஆச்சிமார் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்காகவே இத்தனையும் எழுதலாம் என்று தோன்றுகிறது. ஸ்கேன் செய்ததும் பார்க்கக் கூப்பிடுங்கள்.

கொத்தமங்கலம்: லடாக்குக்கு எந்தக் கேமரா...

பள்ளத்தூர். பிறகு கானாடுகாத்தான்.

கோட்டையூர், மேற்படி ஆசிரியர்: கடைசியாக ஒன்று. அந்த வெறுஞ்சீப்புக் காட்சியை என்ன செய்தீர்கள்?

படத்தில் இருக்கிறது, நான்கு நொடி. முதல் தடவை எடுத்தது மங்கல். வேறு ஷாட் இல்லை. திரையிட்ட இடங்களில் யாரும் கண்டுபிடித்ததில்லை, லே நகரத் திரையிடலைத் தவிர. அங்கே பின்வரிசையில் சில பெண்கள் சிரித்தார்கள்.