சமைக்க ஆள் கிடைக்கும், சுமக்க?

கேள்வி: எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் இருபது பேர் தேறுவார்கள். சிலரால் அடுப்படியில் நிற்கவே முடியவில்லை. மதியச் சாப்பாடு சமைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். எப்படித் தொடங்குவது? இலவசமாகக் கொடுத்தாலும் அனுமதி வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: இருபதில் ஆரம்பிக்காதீர்கள், ஆறு வீடு போதும். வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் என்றால் புதன்கிழமை பன்னிரண்டு மணி வெயிலில் ஸ்கூட்டர் எடுக்க வருபவர்கள் நாலு பேர்தான், அதில் ஒருவருக்கு அன்று மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். சமைக்க ஆள் கிடைத்துவிடும், காசு கொடுத்தாவது ஒரு சமையற்கார அம்மாவை வைத்துக்கொள்ளலாம். தினமும் தவறாமல் கொண்டுபோகிறவர்தான் அபூர்வம். அதனால் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள், அவருக்கு ஒரு மாற்று ஆள் என்று பெயர் எழுதி வைத்த பிறகு அரிசியை ஊறப்போடுங்கள். 1954இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இதே போன்ற வேலையைத் தொடங்கியபோது வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோனது பள்ளிப் பிள்ளைகள். நம் பிள்ளைகளையும் கேட்கலாம், ஆனால் பரீட்சை மாதத்தை நம்பாதீர்கள்.

அனுமதி விஷயம்: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபம் உண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை, எனவே பதிவு செய்துவிடுவது நல்லது. உங்கள் அளவுக்குப் பெரிய லைசென்ஸ் தேவைப்படாது, சிறு அளவுக்கான பதிவுதான். ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

சாதத்தில்தான் கவனம் வேண்டும். வெந்த சோற்றிலும் சாகாமல் தங்கும் கிருமி ஒன்று உண்டு, சோறு ஆறிக் கிடக்கும்போது அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அப்புறம் எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பதினொன்றரைக்கு வடித்தால் பன்னிரண்டே முக்காலுக்குள் கடைசி வீட்டுக்குப் போய்விட வேண்டும், அதுவரை சூடு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, தனியாக இருக்கும் பாட்டிகள் பாதிச் சாதத்தை ராத்திரிக்கு என்று மூடி வைத்துவிடுவார்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள். மதியத்துக்கு மட்டும் காணும்படி அளவாகக் கொடுத்து, ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி தனியாகக் கட்டிவிடுங்கள். உப்பு எல்லோருக்கும் குறைவாகப் போட்டு, ஊறுகாயைத் தனியாக வைத்தால் சண்டை வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியல் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

நான் கொஞ்ச காலம் இந்த வேலையில் இருந்தேன். ஒரு அம்மா வீட்டிலிருந்து கேரியர் மூன்று நாளாகப் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்தது. மேல் அடுக்குச் சாதம் மட்டும் காலி, கீழே குழம்பும் கூட்டும் அப்படியே. காரம் அதிகமோ என்று சமையற்காரம்மாவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டோம், பாவம். நேரில் உட்கார்ந்து பார்த்தால், விரல் மடங்காத அந்தக் கையால் மேல்மூடியைத் திறக்க முடிந்தது, இறுகிப்போன அடுக்குகளைப் பிரிக்க முடியவில்லை! மறுநாளிலிருந்து தட்டு மூடி போட்ட சம்புடம்தான். அதனால் கொண்டுபோகிறவர் வாசலில் வைத்துவிட்டு ஓடக் கூடாது, உள்ளே போய்த் திறந்து வைத்துவிட்டு வரட்டும். மணி அடித்தும் கதவு திறக்காவிட்டால் கைப்பிடியில் மாட்டிவிட்டு வருவது மகா தப்பு. பக்கத்து வீடு, அப்புறம் பிள்ளையின் ஃபோன், மாற்றுச் சாவி யாரிடம் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். கவனிப்பாரே இல்லாதவர் என்று தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

இலவசம் என்று சொல்லாதீர்கள். பென்ஷன் வாங்குகிறவர் 'எனக்கென்ன தர்மச் சாப்பாடா?' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாதம் ஒரு தொகை வாங்குங்கள், கொடுக்க முடியாதவர் யார் என்பது கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

உங்கள் ஊருக்கென்று ஒன்று: யார் யார் ஏகாதசி அன்று அரிசி சாப்பிட மாட்டார்கள் என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி கூட்டத்தில் எப்படியும் ஸ்கூட்டர் நுழையாது, அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவரை நடந்துபோய்க் கொடுக்கச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள்.