புதிய ரொக்கெட் முதல் சோதனைப் பறப்பிலேயே தோற்றால் அதிலிருந்து என்ன கற்கலாம்?

ஹட்டனில் தண்ணீர் ரொக்கெட் செய்யும் பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள். எது உடைந்தது என்று தேடுவதோடு, அந்தக் கணத்தில் கணினி எதை உண்மையென்று நம்பியது என்றும் தேடுங்கள். பெரும்பாலான பாடம் அங்கேதான் இருக்கிறது.

இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ரொக்கெட் 2022 ஓகஸ்ட் 7இல் முதன்முறை பறந்தது. இரண்டாம் கட்டம் கழன்றபோது கருவித் தட்டு அதிர்ந்து, வேகமாற்றத்தை அளக்கும் ஆர்முடுகல்மானிகள் சிறிது நேரம் தம் அளவீட்டு எல்லையில் முட்டி நின்றன. மென்பொருள் அதைப் பழுதென்று முடிவுகட்டி, அந்த அளவீடுகளை நம்பாமல் முன்கூட்டி வகுத்தபடி பறக்கும் மீட்பு முறைக்கு மாறிவிட்டது. வேகத்தில் ஏற்பட்ட குறை செக்கனுக்கு 56 மீற்றர்தான்; தேவையானதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 356 கி.மீ. உயர வட்டப்பாதைக்குப் பதிலாகச் சுமார் 76 கி.மீ. வரை தாழும் பாதையே கிடைத்தது. அந்த உயரத்து வளியின் தடையில் எந்தச் செய்மதியும் நிலைக்காது.

திருத்தம் இரண்டு இடங்களில் நடந்தது. கட்டத்தைக் கழற்றும் பொறிமுறையை மாற்றினார்கள். பழுதென்று முடிவெடுக்குமுன் உணரியைக் கூடுதல் நேரம் கவனிக்கும்படி மென்பொருளையும் மாற்றினார்கள். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அதிர்வு நாளை வேறோர் இடத்திலிருந்தும் வரலாம். 2023 பெப்ரவரி 10இல் அடுத்த பறப்பு வெற்றி.

மாற்றுக் கருவி இருந்தாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4இல் தன் முதல் பறப்பில் ஐரோப்பிய ரொக்கெட்டான ஏரியன் 5இன் இரு வழிகாட்டல் கருவிகளும் ஒரே மென்பொருளால் ஓடின. ஒதுக்கிய இடத்துக்கு எண் பெரிதாகிவிட்ட ஒரே எண்மாற்றப் பிழையில் இரண்டும் நின்றன, ரொக்கெட் அழிந்தது.

உங்கள் ரொக்கெட்டிலும் இதைப் பார்க்கலாம். 1.5 லீற்றர் போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் விட்டு, மூக்குப் பகுதியில் எம்.பி.யு. 6050 என்ற ஆர்முடுகல் உணரியைப் பொருத்துங்கள். அதன் தொடக்க எல்லை 2 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு ஆர்முடுகலின் அளவு). 16 ஜிக்கு மாற்றுங்கள். புறப்படும்போது அதையும் தாண்டலாம். வரைபின் உச்சி தட்டையாக இருந்தால் ஆர்முடுகல் சீராக இருந்ததென்று எழுதிவிடாதீர்கள், உணரி எல்லையில் முட்டியிருக்கிறது. தண்ணீர் வெளியேறுவது கால் செக்கனுக்குள்ளேயே முடிந்துவிடக்கூடும் என்பதால் செக்கனுக்கு 200 தடவையாவது பதிய வேண்டும். மூடுபனியில் கமராவை நம்ப முடியாது. பதிவு ரொக்கெட்டிலுள்ள நினைவட்டையில் இருக்கட்டும், அட்டையைத் தண்ணீர் புகாதபடி சுற்றுங்கள். ஒவ்வொரு ஏவலிலும் தண்ணீர் அல்லது அமுக்கம், ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்ததற்குக் காற்றடிக்குமுன் பதிவைப் பிரதியெடுத்து இரு அளவுகளையும் அதன் பெயரிலேயே எழுதிவையுங்கள்.