வேறு வீட்டில் வளர்ந்த கொன்யூர் உங்கள் வீட்டுக்கு வந்தால்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். என் கணவரோடு வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போவதால், அவர்கள் வளர்த்த 4 வயது கிரீன் சீக் கொன்யூர் என்ற சின்னக் கிளியை எங்களிடம் தந்துவிட்டார்கள். பெயர் சூட்டி. அங்கே எல்லார் தோளிலும் ஏறி இருக்குமாம். இங்கே வந்து ஒரு கிழமை ஆகிறது. கையை நீட்டினால் இரத்தம் வரக் கடிக்கிறது, பின்னேரமானால் விடாமல் கத்துகிறது. சூரியகாந்தி விதை தவிர எதையும் தொடுவதில்லை. ஆசைப்பட்டுக் கேட்ட 9 வயது மகன் இப்போது கிட்டப் போகவே பயப்படுகிறான். அதன் கூடும் பழையது, புதிது வாங்கலாமா? வெள்ளிக்கிழமைகளில் மாமி சாம்பிராணி போடுவார், அது பறவைக்குக் கூடாது என்கிறார்களே, உண்மையா? இதைப் பழக்க முடியுமா, இல்லை வேறு யாரிடமாவது கொடுப்பதுதான் நல்லதா?
- வாசகி, கொழும்பு 6

பதில்: வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். நல்ல பராமரிப்பில் கொன்யூர் 20 முதல் 30 வருடம் வரை வாழும். 4 வயது என்பது இளம் வயது. இந்த ஒரு கிழமையை வைத்து அதன் குணத்தை முடிவு செய்ய முடியாது. கிரீன் சீக் கொன்யூரின் சொந்த இடம் பொலிவியா, பிரேசில், பரகுவே, வட ஆர்ஜென்டினா பக்கத்துக் காடுகள். அங்கே அது கூட்டமாகத்தான் திரியும். வீட்டில் வளரும்போது வீட்டு மனிதர்களையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். சூட்டிக்கு அந்தக் கூட்டம் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டது. ஏன் என்று அதற்கு விளங்கவைக்கவும் வழியில்லை. இன்னொரு வீட்டுக்குப் போனால் இதே கதை அடியிலிருந்து தொடங்கும்.

அதனால் முதல் மாதத்தில் பழக்கும் வேலையைப் பின்னுக்குப் போடுங்கள். முடிந்த அளவுக்கு எதையும் மாற்றாமல் வைத்திருங்கள். அதே பெயர், அதே கூடு, அதே சாப்பாட்டுக் கிண்ணம், அதே விளையாட்டுப் பொருள்கள். பழைய வீட்டார் இன்னும் விமானம் ஏறவில்லை என்றால் இன்றைக்கே அழைத்துக் கேளுங்கள். ஏறிவிட்டாலும் வாட்ஸ்அப் இருக்கிறதே. கூடு எந்த அறையில் இருந்தது, எத்தனை மணிக்குத் தூங்கும், யாரிடம் அதிகம் ஒட்டியிருந்தது, எதைக் கண்டால் பயப்படும் (தொப்பி, துடைப்பம், சிவப்புச் சட்டை என்று எதுவாகவும் இருக்கலாம்), கையில் ஏறச் சொல்ல என்ன சொல் சொல்வார்கள் என்பதையெல்லாம் கேளுங்கள். அவர்கள் சிங்களத்தில் கதைத்திருந்தால் அந்தச் சிங்களச் சொல்லையே நீங்களும் சொல்லுங்கள். அவர்கள் விசிலடிக்கும் மெட்டு ஏதாவது இருந்தால் பதிந்து அனுப்பச் சொல்லி, அதைக் கேட்டு நீங்கள் பழகிக்கொள்ளுங்கள். பதிவைச் சூட்டிக்குப் போட்டுக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஆள் இல்லாமல் குரல் மட்டும் கேட்டால் அது தேடித் தேடிக் கத்தும்.

கூட்டையும் இப்போது மாற்றாதீர்கள். இங்கே அதற்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அடியில் போட்ட பேப்பரைத் தினமும் மாற்றுங்கள், மற்றதை மெல்ல மெல்லச் சுத்தம் செய்யலாம். கம்பியில் துரு பிடித்திருந்தாலோ நாகப் பூச்சு வெள்ளைத் தூளாக உதிர்ந்தாலோ மட்டும் உடனே மாற்றுங்கள். கொன்யூர் கம்பியைக் கடித்தபடியே இருக்கும், நாகம் அதற்கு நஞ்சு. பிறகு வாங்கும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் 60 சென்டிமீற்றருக்குக் குறையாமலும், கம்பி இடைவெளி 2 சென்டிமீற்றருக்குக் கூடாமலும் பாருங்கள். உருண்டைக் கூடு வேண்டாம். கடையில் வரும் வழவழப்பான தடிக்குப் பதிலாக, மருந்து அடிக்காத கொய்யாக் கிளையைக் கழுவிக் காயவைத்து, பட்டையோடு மாட்டுங்கள். கூட்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். குசினி வேண்டவே வேண்டாம். பல்கனியில் பகலில் காகம், இரவில் எலியும் மரநாயும் வரும். அங்கே தனியாக விடாதீர்கள்.

சரி, கடிக்கு வருவோம். கொன்யூர் சொண்டை மூன்றாவது கால் மாதிரிப் பயன்படுத்தும். ஒரு கிளையில் ஏறுமுன் அதைச் சொண்டால் பிடித்து, தாங்குமா என்று பார்க்கும். உங்கள் விரலிலும் முதலில் அதைத்தான் செய்கிறது. நாம் பயத்தில் கையை வெடுக்கென்று இழுக்கிறோம். இந்தக் கிளை ஆடுகிறது என்று அதற்குப் பட்டுவிடும், அடுத்த தடவை இறுக்கிப் பிடிக்கும். இது ஒரு வகை. மற்றது உண்மையான பயக் கடி. அதற்கு முன்னால் உடம்பு பேசும். இறகெல்லாம் உடலோடு ஒட்டி ஆள் மெலிந்ததுபோல் தெரியும், கழுத்து நீளும், கண்ணின் கறுப்புச் சுருங்கிச் சுருங்கி விரியும், சில நேரம் வால் விசிறிபோல் விரியும். இதைக் கண்டால் கையை அமைதியாகப் பின்னுக்கு எடுங்கள். எச்சரிக்கை மதிக்கப்படுகிறது என்று தெரிந்தால் கடிக்கத் தேவை வராது. அதை மதிக்காமல் விட்டால் எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும்.

சாப்பாடும் தண்ணீரும் வைக்க மட்டும் இப்போதைக்குக் கையைக் கூட்டுக்குள் விடுங்கள். மற்ற நேரம் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். கண்ணை வைத்து வெறித்துப் பார்க்காமல் சும்மா கதைத்துக்கொண்டிருங்கள். உங்களைக் கண்டதும் ஒதுங்காமல் அது தன் பாட்டுக்கு இறகு கோதத் தொடங்கும் நாளில் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒரு ஈர்க்கின் முனையைக் கம்பிக்கு வெளியே இருந்து காட்டுங்கள். சூட்டி அதைச் சொண்டால் தொட்டதும் 'நல்லம்' என்று சொல்லி ஒரு சூரியகாந்திப் பருப்பில் பாதியைக் கொடுங்கள். காலையும் மாலையும் இரண்டு நிமிடம் போதும். ஈர்க்கு போகும் பக்கம் அது வரப் பழகிவிட்டால், ஒரு தடியில் ஏறவைப்பதும் பிறகு கையில் ஏறவைப்பதும் கஷ்டமில்லை. துவாயால் மூடிப் பிடித்து 'பழக்குவது' பயத்தைத்தான் கூட்டும். அதைச் செய்யாதீர்கள்.

கடித்துவிட்டால் கத்தாதீர்கள், சொண்டில் தட்டாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள். பக்கத்தில் உள்ள கதிரையின் முதுகில் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் திரும்பிக்கொள்ளுங்கள். பழகிய பிறகும் தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள். முதுகைத் தடவுவதும் சட்டைக்குள் நுழைய விடுவதும் அதற்குக் குஞ்சு பொரிக்கும் நினைப்பைத் தூண்டும். பிறகு யாரையும் கிட்ட அண்டவிடாது.

மகனுக்குக் கை வைக்கத் தேவையில்லாத ஒரு பொறுப்பைக் கொடுங்கள். குசினியில் வைக்கும் சின்ன டிஜிற்றல் தராசின் மேல் ஒரு கட்டையை வைத்து, அதில் ஒரு விதையைப் போட்டால், வெளியே வரத் தொடங்கியதும் சூட்டி தானே ஏறும். காலையில் சாப்பாட்டுக்கு முன் எடையைப் பார்த்து அவன் கொப்பியில் எழுதட்டும். கிரீன் சீக் பெரும்பாலும் 60 முதல் 80 கிராம் வரை இருக்கும். வழக்கமாக 70 கிராம் இருக்கும் பறவை 7 கிராம் இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு, உடனே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். பொங்கிய இறகுக்குள் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், விற்றமின் ஏ இல்லாத குறைதான். அதையே வருடக்கணக்கில் தின்றால் ஈரலும் சுவாசமும் கெடும். ஆனாலும் அதை இன்றைக்கே நிறுத்தக் கூடாது. தெரியாத ஒன்றைச் சாப்பாடு என்று அடையாளம் காணாமலே பறவை பட்டினி கிடக்கும், இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. முதல் இரண்டு மூன்று கிழமை பழைய சாப்பாட்டைக் குறைக்காமல், காலையில் நல்ல பசி நேரத்தில் பக்கத்தில் வேறு ஒன்றை வையுங்கள். பொடியாக வெட்டிய கரட், அவித்த பூசணி, பப்பாசித் துண்டு, முளைவிட்ட பயறு எல்லாம் நல்லவை. முருங்கையிலையை ஈரத்தோடு ஒரு கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். முதலில் அதில் உரசிக் குளிக்கும், பிறகு கொறிக்கும். கொச்சிக்காயையும் தாராளமாகக் கொடுக்கலாம். அதன் உறைப்பு பறவைகளுக்குத் தெரியாது, விதையைத் தேடித் தேடித் தின்னும். நீங்களும் அதன் முன்னால் அதையே சாப்பிடுங்கள். கூட்டம் தின்பதைத் தானும் தின்பது அதன் இயல்பு. பிறகு விதையை மெல்லக் குறைத்து, சூரியகாந்தியைப் பரிசுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெலற் (கடையில் விற்கும் உருட்டிய பறவைத் தீனி) கட்டுப்படியானால் அதையும் இப்படியே பழக்குங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ஈரச் சாப்பாடு சீக்கிரம் கெட்டுவிடும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அவகாடோ, சொக்லட், தேத்தண்ணி, கோப்பி, வெங்காயம், உப்பு மிக்ஸர் எதுவும் வாயில் படக் கூடாது. அவகாடோ கொஞ்சமே போதும், கொன்றுவிடும்.

சாம்பிராணிக் கேள்விக்குப் பதில்: உண்மைதான். பறவையின் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடும், உடம்பெல்லாம் காற்றுப்பைகள் இருக்கும். ஒட்சிசனை எவ்வளவு நன்றாக எடுக்கிறதோ, நஞ்சையும் அவ்வளவு நன்றாக எடுக்கும். மாமியிடம் விடச் சொல்ல வேண்டியதில்லை. சாமியறைக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து போடட்டும். சூட்டி அந்த நேரம் வீட்டின் மற்றக் கோடியில் உள்ள அறையில் இருக்கட்டும், மணம் முழுதாகப் போனபிறகு கொண்டுவாருங்கள். நுளம்புத்திரியும் ஸ்பிரேயும் வேண்டாம். இரவில் கூட்டின் மேல் நுளம்பு வலையைப் போடுங்கள். டெங்குக்குப் புகை அடிக்க வருவதாகத் தெரிந்தால் யன்னல்களைச் சாத்தி உள் அறைக்கு மாற்றுங்கள். முடிந்தால் அன்று தெரிந்தவர் வீட்டில் விடுங்கள்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது நொன்ஸ்டிக் தோசைச் சட்டிக்கு. அடுப்பில் வெறுமனே காய்ந்து ஏறத்தாழ 260 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் பூச்சிலிருந்து நமக்கு மணமே தெரியாத வாயு வரும். அடுத்த அறையில் இருக்கும் பறவைகூட சில நிமிடங்களில் செத்துவிழும், காப்பாற்ற மருந்து கிடையாது. இரும்புக் கல்லுக்கு மாறிவிடுங்கள். அப்புறம், கூட்டைத் திறக்குமுன் சீலிங் ஃபேனை நிறுத்துவது வீட்டில் எல்லாருக்கும் சட்டமாக இருக்கட்டும்.

பின்னேரக் கத்தலில் பாதி இயற்கையானது. இருட்டுமுன் கூட்டம் ஒருவரையொருவர் அழைத்துச் சேரும் நேரம் அது, கொழும்பில் வருடம் முழுக்க ஏறத்தாழ 6 மணிக்கே பொழுது சாயும். 5 மணியளவில், அது தொடங்குமுன், நீங்களே விசிலடித்துக் கூப்பிடுங்கள், கொறிக்க ஏதாவது கொடுங்கள். கத்தும்போது ஓடிப்போகாதீர்கள், பதிலுக்கு அதட்டாதீர்கள், இரண்டும் அதற்குப் பதில்தான். சின்னக் குரல் எழுப்பினால் உடனே பதில் சொல்லுங்கள். 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 10 மணிவரை தொலைக்காட்சி ஓடும் ஹோலில் வைத்தால் அடுத்த நாள் கடி நிச்சயம். 7 மணிக்கெல்லாம் அமைதியான அறையில் வைத்து மூடிவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு வெடி நேரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், இருட்டில் பயந்து கூட்டுக்குள் அடித்துக்கொள்ளும்.

இரண்டு கிழமைக்குள் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். எல்லா மிருக வைத்தியர்களும் பறவை பார்ப்பதில்லை, அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். பெரிய சிக்கல் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது. கிளிகளிடமிருந்து மனிதருக்கு வரும் சிற்றகோசிஸ் என்ற பக்றீரியாக் காய்ச்சல் ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். காய்ந்த எச்சத்தைத் தூசியாகக் கூட்டாமல் நனைத்துத் துடையுங்கள். வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் குறைந்தது 30 நாள் தனி அறையில் பிரித்து வையுங்கள்.

எச்சத்தில் மூன்று பகுதி இருக்க வேண்டும்: பச்சை, வெள்ளை, தெளிந்த நீர். பழம் தின்ற நாளில் நீர் கூடுவது பரவாயில்லை. வெள்ளைப் பகுதி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் அடுத்த நாளே காட்டுங்கள். கூட்டின் அடியில் பொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, வாய் திறந்து மூச்சு விட்டாலோ, பகல் முழுக்க எதுவும் சாப்பிடாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு சின்னப் பெட்டியில் துணி விரித்து, வெதுவெதுப்பாக வைத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள்.